கேட்க ஓர் ஆள்

சின்னவளுக்கு வேலையே அடுத்தவர் பேச்சைக் கேட்பதுதான். வாஷிங் மெஷின் விற்கும் ஒரு கம்பெனியின் வாடிக்கையாளர் மையத்தில் எட்டு மணி நேரம் காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். தண்ணீர் ஒழுகுகிறது, துணி கிழிகிறது, மெஷின் குதித்துக் குதித்துச் சமையலறைக்கே வந்துவிட்டது என்று ஒரு நாளைக்கு எழுபது பேர் அவள் காதில் வந்து கொட்டுவார்கள். சிலர் மெஷினில் ஆரம்பித்து மருமகளில் முடிப்பார்கள். எல்லோருக்கும் "புரியுது சார், புரியுது மேடம்" சொல்ல வேண்டும். அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது நாமாகப் போனை வைக்கக் கூடாது என்பது அந்தத் தொழிலில் சட்டம். வைத்தால் மேலாளர் கூப்பிட்டு விளக்கம் கேட்பார். இப்படி ஊர் உலகத்தின் பேச்சையெல்லாம் கேட்டுவிட்டு வருகிறவளுக்கு, பெற்ற அப்பாவின் பேச்சைக் கேட்கக் காதில் இடம் இருக்காது. குற்றம் சொல்வதென்றால் சொல்லிக்கொள்ளுங்கள். ஒரு நாள் அந்த ஹெட்செட்டை மாட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

அப்பாவோ பேசியே பிழைத்தவர். மொத்தக் காய்கறிச் சந்தையில் முப்பத்தெட்டு வருஷம் ஏலம் கூறியவர். மைக் எல்லாம் கிடையாது. தக்காளிப் பெட்டி மேல் ஏறி நின்று ஒரு குரல் விட்டால் கடைசி வரிசை வெங்காய மூட்டை வரைக்கும் கேட்கும். 'வெண்கலம்' என்றுதான் சந்தையில் அவருக்குப் பெயர். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அந்த ஒரு வாயை வைத்துக்கொண்டு தானும் பிழைத்து, பெண்டாட்டி போன பிறகு நாலு பிள்ளைகளையும் கரையேற்றினார். எழுத்துத்தான் வராது. வியாபாரி பெயரும் மூட்டை எண்ணிக்கையும் எழுதுவார். அதற்கு மேல் பேனாவைப் பிடித்தால் கை வியர்த்துவிடும்.

அதனால் போனில் இருந்த குடும்பக் குழுவுக்கு அப்பா அனுப்புவதெல்லாம் வாய்ஸ் மெசேஜ்தான். அதுவும் சின்னதாக வராது. ஏலக்காரர் புத்தி எங்கே போகும்? சரக்கின் பெருமையை முதலில் அளந்துவிட்டுத்தான் கடைசியில் விலைக்கு வருவார். "கேஸ் சிலிண்டர் வந்துவிட்டது" என்பதைச் சொல்ல அவருக்கு நாலரை நிமிடம் வேண்டும்.

ஆரம்பத்தில் எல்லோரும் கேட்டார்கள். பிறகு ஒவ்வொருவராக நழுவினார்கள். பதில் வராவிட்டால் அப்பா பதறிப்போவார், உடனே ஒவ்வொருவருக்கும் போன் பறக்கும். அதற்குத் தம்பி ஒரு வழி கண்டுபிடித்தான். கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவன் அவன். "வண்டி ஓட்டும்போது என்னால பேச முடியாதுப்பா. மெசேஜ் வந்து சேர்ந்தா ஒரு கட்டைவிரல் போடறேன். நீங்களும் நிம்மதியா இருங்க" என்றான். வெளிநாட்டில் இருந்த அண்ணனுக்கும் சின்னவளுக்கும் இது பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. அன்றிலிருந்து அப்பா பேசுவார், இவர்கள் விரல் போடுவார்கள். கேட்டார்களா என்பது அவரவர் மனசாட்சிக்கு வெளிச்சம்.

ஆனால் சந்தையில் விரல் என்றால் வேறு. ஏலத்தில் ஒருவன் விரலைத் தூக்கிவிட்டால் சரக்கு அவனுடையது. மழையில் நனைந்தாலும் அழுகினாலும் பின்வாங்க முடியாது. முப்பத்தெட்டு வருஷத்தில் விரல் தூக்கியவன் வராமல் போனதை அப்பா பார்த்ததில்லை. இந்தச் சின்ன விஷயத்தைப் பிள்ளைகளில் யாரும் யோசிக்கவில்லை.

அப்பாவுக்குத் தொண்டையில் கட்டி வந்தது. குரல்வளையையே எடுத்தாக வேண்டும், எடுத்தால் உயிருக்குப் பயமில்லை, பேச்சுதான் வராது என்றார் டாக்டர். திங்கட்கிழமை ஆபரேஷன். ஞாயிற்றுக்கிழமையே எல்லோரும் வந்து கூட இருப்பதாகப் பேச்சு. அண்ணன் டிக்கெட் போட்டுவிட்டார். சின்னவள் லீவு எழுதிக் கொடுத்திருந்தாள். மூத்தவளான அக்கா மட்டும் உள்ளூர் என்பதால் ஒரு வாரமாக ஆஸ்பத்திரியிலேயே கிடந்தாள்.

வியாழக்கிழமை காலை எட்டரை மணி. ஆபீஸ் போகும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்த சின்னவளின் போனில் அக்காவின் மெசேஜ் வந்தது. பழக்க தோஷம், ஒரு கட்டைவிரலைப் போட்டாள். போட்ட பிறகுதான் படித்தாள்.

'அப்பாவை உள்ளே கூட்டிட்டுப் போயிட்டாங்க.'

எங்கே உள்ளே? அக்காவைக் கூப்பிட்டால் லைன் கிடைக்கவில்லை. குழுவில் மேலே தள்ளிப் பார்த்தாள். நேற்றுச் சாயங்காலம் நாலு மணிக்கு அப்பா அனுப்பிய வாய்ஸ் மெசேஜ், ஆறு நிமிடம். அதன் கீழே மூன்று கட்டைவிரல்கள். அண்ணனுடையது, அவளுடையது, தம்பியுடையது. அவள் போட்டது மெசேஜ் வந்த ஒரே நிமிடத்தில்.

அதைக் காதில் வைத்தாள்.

"இன்னிக்குப் புதன்கிழமை. மணி நாலு. நான் அப்பா பேசறேன்." குரல் கட்டிப்போய், உடைந்து உடைந்து வந்தது. பக்கத்துக் கட்டில்காரர் இருமுகிற விதம் வந்தது. மின்விசிறி போடும் சத்தம் வந்தது. காலையில் நர்ஸ் ஊசி போட்டதும், அந்தப் பெண்ணின் கை ராசியும் வந்தது. தாண்டிப் போகலாமா என்று விரல் துடித்தது. எங்கே விஷயம் விட்டுப்போகுமோ என்று பயந்து கேட்டுக்கொண்டே இருந்தாள். நாலு நிமிடம் கழித்து அப்பா இருமிவிட்டு விலைக்கு வந்தார்.

"சரி, விஷயத்துக்கு வரேன். திங்கட்கிழமை ஆபரேஷனை நாளைக்குக் காலையிலேயே வச்சுட்டாங்க. வேற யாருக்கோ தள்ளிப்போச்சாம், அந்த இடம் நமக்குக் கிடைச்சிருக்கு. நீங்க வர்றதுக்குள்ள முடிஞ்சிடும். அப்புறம் எனக்குப் பேச்சு கிடையாது, தெரியும் இல்ல? அதனால ஒண்ணு கேக்கறேன். இன்னிக்கு ஆறு மணிலேர்ந்து எட்டு மணிக்குள்ள ஆளுக்கு ஒரு தடவை போன் பண்ணுங்க. பத்து நிமிஷம் போதும். ஒவ்வொருத்தர்கிட்டயும் தனித்தனியா ஒண்ணு சொல்ல வேண்டியிருக்கு. குழுவுல போடற விஷயம் இல்ல அது. உங்க குரலையும் கேட்டுக்கிட்டுப் பேசணும். பண்ணுவேங்கறவங்க விரல் போடுங்க."

பஸ்ஸில் முன் இருக்கையில் இருந்த அம்மாள் திரும்பி, "என்னம்மா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டு எழுந்து இடம் கொடுத்தாள். சின்னவள் உட்காரவில்லை. அக்காவின் லைன் கிடைத்தது.

"அக்கா, ஒரு நிமிஷம், அப்பா காதுல போனை வையி."

"கதவைச் சாத்தி கால் மணி ஆச்சு. இந்நேரம் மயக்க மருந்து கொடுத்திருப்பாங்க."

"நீ ஏங்கா எனக்குப் போன் பண்ணல?"

"நான் எதுக்குப் பண்ணணும்? நீதான் விரல் போட்டியே."

"நான் அதைக் கேக்கவே இல்லக்கா."

"கேக்காமலா போட்டே?"

"எப்பவும் அப்படித்தான் போடுவேன். எல்லாரும்தான்."

"அந்த மனுஷன் ஆறு மணிக்கே முகம் கழுவிட்டு, தலை சீவிட்டு உக்காந்தார்டி" என்றாள் அக்கா. "நான் கூப்பிட்டுத் தரட்டுமான்னு கேட்டேன். 'விரல் தூக்கினவன் வருவான், நாமா போய்க் கையைப் பிடிச்சு இழுக்கக் கூடாது'ன்னுட்டார். ஏழு மணிக்கு, சரிப்பா, சொல்ல வேண்டியதைப் போன்ல பதிவு பண்ணுங்க, நான் அனுப்பறேன்னேன். அதுக்கும் மாட்டேன்னுட்டார். 'எதிர்ல ஆள் இல்லாம நான் என்னிக்கு ஏலம் கூறியிருக்கேன்?'னு கேட்டார்."

சின்னவள் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, எதிர்ப்பக்கம் போய் வேறு பஸ் பிடித்தாள். நாலு மணி நேரப் பயணம். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று சும்மாவா சொன்னார்கள்? அந்த ஆறு நிமிடத்தை வழியெல்லாம் திரும்பத் திரும்பக் கேட்டாள். இருமல் எங்கே வரும், மின்விசிறி எங்கே வரும் என்று மனப்பாடமே ஆகிவிட்டது. அவளுக்கென்று தனியாகச் சொல்ல வேண்டியது என்னவென்று மட்டும் அதில் இல்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆஸ்பத்திரி நடைபாதையில் அக்காவும் சின்னவளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். அப்போதுதான் அக்கா இன்னொரு விஷயத்தைச் சொன்னாள்.

"ஏழு இருபதுக்கு ஒரு போன் வந்துச்சு. உங்கள்ல யாரோன்னு நெனச்சு அப்பா பாய்ஞ்சு எடுத்தார். பார்த்தா போன் கம்பெனிக்காரப் பொண்ணு. புது பிளான் போட்டுக்கறீங்களான்னு கேட்டிருக்கு. நான் மருந்து வாங்கக் கீழ போயிட்டேன். திரும்பி வந்தா இன்னும் பேசிட்டே இருக்கார். 'அவ்வளவுதாம்மா, நீ நல்லா இரு'ன்னு சொல்லி வச்சார். கண்ணைத் துடைச்சுக்கிட்டார். 'சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லிட்டேன், கேக்கறதுக்கு ஒரு ஆள் கிடைச்சுது'ன்னார். பாவம் அந்தப் பொண்ணு, எவ்வளவு பொறுமை பாரு. யாரோ பெத்த பிள்ளை, வைக்காம கேட்டிருக்கு."

அந்தப் பெண் ஏன் வைக்கவில்லை என்று சின்னவளுக்குத் தெரியும். அக்காவிடம் சொல்லவில்லை.

அப்பாவின் போனை வாங்கிப் பார்த்தாள். ஏழு இருபது, இருபத்துமூன்று நிமிடம். அண்ணனுக்குச் சொல்ல வேண்டியது, தம்பிக்குச் சொல்ல வேண்டியது, அவளுக்குச் சொல்ல வேண்டியது எல்லாம் அந்த இருபத்துமூன்று நிமிடத்தில் முன்பின் தெரியாத ஒருத்தியின் காதுக்குப் போய்விட்டது. அவளும் அடுத்த நிமிடமே வேறு யாருக்கோ பிளான் விற்கப் போயிருப்பாள்.

நாலாம் நாள் அப்பாவை வார்டுக்கு மாற்றினார்கள். கழுத்தில் ஓட்டை, அதில் ஒரு குழாய். தம்பி லாரியை எங்கேயோ நிறுத்திவிட்டு வந்து, கால்மாட்டில் நின்று அழுதுவிட்டுப் போனான். அண்ணன் விமானம் மாறி வந்துகொண்டிருந்தார். சின்னவள் ஒரு நோட்டையும் பேனாவையும் அப்பாவின் மடியில் வைத்தாள்.

"என்கிட்ட என்னப்பா சொல்ல இருந்தீங்க? ரெண்டு வார்த்தை எழுதுங்க, போதும்."

அப்பா அவள் பெயரை எழுதினார். வியாபாரி பெயருக்குக் கீழே போடுவது போல் ஒரு கோடு போட்டார். பேனா அங்கேயே நின்றது. நெற்றியில் வியர்த்தது. பிறகு நோட்டை மூடி அவளிடமே கொடுத்துவிட்டு, பரவாயில்லை என்பது போல் அவள் கையைத் தட்டினார். அவர் கோபித்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

அன்று பகலில் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. இத்தனை வருஷம் அந்தத் தொழிலில் இருப்பவளுக்கு முதல் நாளே வந்திருக்க வேண்டும். எல்லாப் பேச்சையும் கம்பெனிக்காரர்கள் பதிவு செய்துவைப்பார்களே. அப்பாவின் இருபத்துமூன்று நிமிடமும் எங்கேயோ ஒரு கம்ப்யூட்டரில் பத்திரமாக இருக்கும். அப்பாவின் போனிலிருந்தே அந்தக் கம்பெனியின் சேவை எண்ணுக்குப் போட்டாள். ஒன்றை அழுத்து, நாலை அழுத்து, காத்திரு என்று பாட்டுப் போட்டார்கள். அப்பா கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தாள். கடைசியில் ஒரு பெண் வந்தாள்.

சின்னவள் எல்லாவற்றையும் சொன்னாள். மறைக்காமல், விரல் போட்டதையும் சேர்த்துத்தான் சொன்னாள். அந்தப் பெண் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"புரியுது மேடம்" என்றாள். தான் எப்படிச் சொல்வாளோ அதே இழுப்பில் அவள் சொன்னது சின்னவளுக்குச் சுருக்கென்று தைத்தது. "அந்த ரெக்கார்டிங் இருக்கு மேடம், ஸ்கிரீன்ல தெரியுது. கேட்டு ரிக்வெஸ்ட் போடலாம். ஆனா கனெக்‌ஷன் சார் பேர்ல இருக்கு. அவர்தான் கேக்கணும்."

"நான் அவரோட பொண்ணும்மா."

"தெரியுது மேடம். மத்தவங்க கேட்டா சிஸ்டம் எடுத்துக்காது. சார் லைன்ல வந்து பேரும் பிறந்த தேதியும் சொன்னா போதும், ஒரு நிமிஷ வேலை. பக்கத்துல இருக்காரா?"

"இருக்கார். ஆனா அவரால பேச முடியாதும்மா. அதைத்தானே சொன்னேன்."

"ரெண்டே வார்த்தைதான் மேடம். மெதுவா சொன்னாலும் போதும். அது இல்லாம என்னால ஒண்ணும் பண்ண முடியாது, என்மேல வந்துடும். சாரி மேடம்."

சின்னவளுக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. அந்த நாற்காலியில் தான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பாள். வேறு என்ன செய்வதென்று தெரியாமல் போனை அப்பாவின் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"சார், வணக்கம். உங்க பேரைச் சொல்லுங்க சார்."

அப்பாவின் உதடுகள் அசைந்தன. குழாயில் காற்று மட்டும் வந்து போனது.

"ஹலோ? சார், லைன்ல இருக்கீங்களா?"

இருக்கிறேன் என்று அப்பா போனைப் பார்த்துத் தலையாட்டினார். விடாமல் ஆட்டினார்.

"ஹலோ?"

எதிர்ப்பக்கம் சத்தமே இல்லாவிட்டால் மூன்று ஹலோவுக்குப் பிறகு வைத்துவிடலாம் என்பதும் அந்தத் தொழிலில் சட்டம். அந்தப் பெண் ஐந்து முறை கூப்பிட்டாள். பிறகு லைன் அறுந்தது. அப்பா இன்னும் தலையாட்டிக்கொண்டிருந்தார்.