சேரன் போடாத கையெழுத்து

கோட்டூர்புரத்து ஆற்றோர வீட்டிலிருந்து அடையாறுக்கு நடந்துபோய் மூன்று வீடுகளில் வேலை பார்த்தவள் வேலம்மா. அதில் ஒரு வீட்டில் வளையல் காணாமல்போனது. சந்தேகத்தில் அவளைக் கைது செய்தார்கள். பதினோராம் நாள் நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. ஆனால் இரண்டு பேர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும், அதில் ஒருவர் ரத்த உறவாக இருக்க வேண்டும் என்றது.

பக்கத்து வீட்டு அஃப்சருன்னிசா உடனே ஒப்புக்கொண்டாள். ரத்த உறவு என்று வேலம்மாவுக்கு இருந்தது தம்பி சேரன் மட்டும்தான். கணவன் இறந்தபிறகு அவனையும் அவன் குடும்பத்தையும் தன் வீட்டிலேயே வைத்திருந்தாள்.

"நாளைக்கே வந்து போட்றேன்க்கா. இன்னாத்துக்கு அழுவுற?" என்றான் நீதிமன்ற வராந்தாவில்.

சிறையில் மாலைதோறும் விடுதலையாகிறவர்களின் பெயர்களை வாசிப்பார்கள். வேலம்மா தலைவாரிக்கொண்டு காத்திருந்தாள். அவனுக்கு ஜுரமாக இருக்கும், லீவு கிடைத்திருக்காது என்று அவளே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஒரு மாதம் போயிற்று.

பிறகு இலவச சட்ட உதவி வக்கீல் ரூஹி வந்தாள். ஜாமீன் கிடைத்தும் வெளியே போக முடியாதவர்களின் பட்டியலில் இவள் பெயரைப் பார்த்திருந்தாள்.

"தம்பிக்கு இன்னா ஆச்சும்மா?"

ரூஹி தயங்கினாள். "நல்லாத்தான் இருக்கார். ஆத்தோர வீடுங்களை எல்லாம் கவர்மெண்ட்ல இடிச்சுட்டாங்க. அதுக்குப் பதிலா உங்களுக்குப் பெரும்பாக்கத்துல வரவேண்டிய வீட்டை அவர் பேர்ல எழுதி வாங்கிட்டார். அக்கா ஊரைவிட்டுப் போயிட்டாங்கன்னு சொல்லியிருக்கார்."

அவன் மறக்கவில்லை. அவள் உள்ளே இருப்பதுதான் அவனுக்குத் தேவைப்பட்டது.

ரூஹி மனு போட்டாள். ஜாமீன்தாரர்கள் வேண்டாம், அவளே எழுதிக்கொடுக்கும் சொந்தப் பிணையே போதும் என்று நீதிபதி உத்தரவிட்டார்.

"இத ஜட்ஜு மொதல்லியே சொல்லியிருக்கலாமேம்மா?" என்று கேட்டாள் வேலம்மா.

"சொல்லியிருக்கலாம்," என்றாள் ரூஹி.

வெளியே வந்ததும் வேலம்மா பெரும்பாக்கம் போனாள். மூன்றாவது மாடிக் கதவைச் சேரன் திறந்தான். "கேசு முடிஞ்சதும் உன் பேருக்கே மாத்தலாம்னுதான்க்கா..."

"உனக்கு ஒடம்பு சரியில்லியோன்னு உள்ள உக்காந்துகினு வேண்டிகினேன்டா," என்றாள். அவன் நிமிரவே இல்லை. அவள் வாசல்படி தாண்டாமல் திரும்பினாள்.

அன்று, அங்கேயே அடுத்த பிளாக்கில் வீடு கிடைத்திருந்த அஃப்சருன்னிசாவிடம் தங்கினாள். திங்கட்கிழமை வீட்டைக் கேட்டு மனு எழுதும்போது எதிர்த்தரப்பு யார் என்று கேட்டாள் ரூஹி. வேலம்மா மனுவை அவள் பக்கம் தள்ளிவைத்தாள். சேரன் பெயரை ரூஹியே எழுதிக்கொண்டாள்.