துணி காஞ்சுதாக்கா?

லாண்டரியக்காவுக்குக் கடலைப் பிடிக்காது. கடலோரத்திலேயே பிறந்து வளர்ந்து கடலைக் கண்டால் முகத்தைச் சுளிக்கிற பொம்பளை அந்த ஊரிலேயே அவள் ஒருத்திதான் இருப்பாள். கப்பல்காரர்களின் உடுப்பு, விடுதிகளின் படுக்கை விரிப்பு என்று ஆயுசு முழுக்கத் துவைத்தவளுக்குக் கடல் என்றால் உப்புக்கறை, அவ்வளவுதான். அப்படிப்பட்டவளுடைய தம்பி, பாய்மரப் படகில் தன்னந்தனியாக உலகத்தைச் சுற்றுகிற பந்தயத்துக்குப் போனான்.

"சம்பளம் குடுத்தாக்கூட எவனும் போகமாட்டான். நீ கெஞ்சிக் கூத்தாடிப் போற" என்று வழியனுப்பும்போதுகூடத் திட்டினாள். திட்டிவிட்டுக் கடைக்குள் போய் அழுதாள். அது அவனுக்குத் தெரியும்.

அவனை வளர்த்தது அவள்தான். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு, இஸ்திரிப் பெட்டிக்கும் தம்பிக்கும் நடுவே அவள் வயசு ஓடிவிட்டது. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒருநாள் வாடிக்கையாளர் சட்டை ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டு போய்விட்டான் பயல். அவள் அவன் காதைத் திருகி, அந்த வாடிக்கையாளர் வீட்டு வாசலில் நிறுத்தி, அவன் வாயாலேயே சொல்ல வைத்தாள். சொன்னான், அழுதான், மன்னிப்பும் கேட்டான். எல்லாம் பிடிபட்ட பிறகுதான் என்பதை அவள் அன்றைக்குப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பந்தயம் தொடங்குவதற்கு முன்னால் பந்தய அலுவலகத்து அதிகாரி ஒருவர் கடைக்கே வந்து விதியைச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். "தம்பி கடல்லேருந்து போன் பண்ணலாம், நீங்க பேசலாம். ஆனா காத்து, மழை, மத்த படகு எங்க இருக்கு, இதப் பத்தி மூச்சு விடக் கூடாது. கரையிலேருந்து யாரும் உதவி பண்ணக் கூடாது. பேச்செல்லாம் பதிவாகும்."

"நாங்க என்னத்தப் பேசிடப் போறோம்? துணியப் பத்திப் பேசுவோம்" என்றாள் அவள். அதிகாரி சிரித்துவிட்டுப் போனார்.

அவள் சொன்னதும் பொய்யில்லை. காலையில் அவள் மொட்டைமாடியில் துணி உலர்த்துகிற நேரம் பார்த்துத்தான் தம்பி பேசுவான். சாப்பிட்டாயா, முழங்கால் வலி எப்படி இருக்கு என்று கேட்பான். கடைசியில், "துணி காஞ்சுதாக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் போனை வைப்பான். உலர்த்தும் இயந்திரத்தை அவள் நம்பமாட்டாள், வெயிலில் காயாத துணி துணியே இல்லை என்பது அவள் கட்சி. அதை வைத்து அவளைச் சீண்டுவது அவனுக்குச் சின்ன வயதுப் பழக்கம். உலகத்தின் அந்தக் கோடியில் பனிக்கட்டி மிதக்கிற கடலிலிருந்து கேட்டான். "காஞ்சுது, உன் மண்டைதான் இன்னும் காயல" என்று பதில் சொன்னாள். இதில் யாருக்கு என்ன உதவி?

கடைசிக் கட்டம் வந்தது. வேறொரு துறைமுகத்தில் கிளம்பி இவர்கள் ஊர்த் துறைமுகத்தில் முடிகிற கட்டம். மொத்தப் பந்தயத்திலும் தம்பியும் சிவப்புப் படகுக்காரன் ஒருவனும் கிட்டத்தட்டச் சமமாக இருந்தார்கள். இதில் எவன் முந்துகிறானோ அவனுக்குத்தான் எல்லாம். எதிர்க்கடையில் சாவி செய்கிறவர் வேலை வெட்டியை விட்டுவிட்டுப் போனில் பந்தய வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பாடம் நடத்தினார். ஒவ்வொரு படகும் அதில் ஒரு புள்ளி. கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை புள்ளி இடம் மாறும். லாண்டரியக்கா அந்தப் பக்கமே போகமாட்டேன் என்று சொல்லிக்கொண்டே நாளைக்குப் பத்துத் தடவை போனாள்.

அன்று காலை வழக்கம்போலத் தம்பி பேசினான். "துணி காஞ்சுதாக்கா?"

"எங்க? ஒரு அசைவு இல்ல. சுவத்துல ஒட்டின மாதிரி தொங்குது. சாயங்காலம் விடுதிக்கு விரிப்பு குடுக்கணும், என் உயிர் போவுது."

"சரிக்கா, வெச்சிடறேன்."

மதியம் சாவிக்கடைக்காரர் தெருவைத் தாண்டி ஓடிவந்தார். முகமெல்லாம் பல். "உங்க தம்பி கில்லாடிங்க! பாருங்க. கரைய ஒட்டி வந்தா குறுக்கு வழி, ஆனா கரையில காத்து செத்துப் போச்சுன்னா படகு அப்படியே நின்னுடும். வானிலை அறிக்கை எல்லாருக்கும் ஒண்ணுதான். நம்ம கரைக்காத்து அதுக்கு அடங்காது. சிவப்புப் படகுக்காரன் கரைய நம்பி வந்து மாட்டிக்கிட்டான். உங்க தம்பி காலையிலேயே வெளிக்கடலுக்குத் திரும்பிட்டான். இங்க காத்தே இல்லன்னு அவ்வளவு தூரத்துலேருந்து எப்படித்தான் மோப்பம் பிடிச்சானோ!"

அவள் கையில் இஸ்திரிப் பெட்டி இருந்தது. அதை ஓரமாக வைத்தாள். மாடிக்குப் போய்க் கொடியைப் பார்த்தாள். விரிப்புகள் அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தன. அவன் எங்கோ இருந்தவரை அது வெறும் துணி. ஊர் நெருங்க நெருங்க அந்தக் கொடிதான் காற்றுமானி ஆகிவிட்டது, அவளுக்குத்தான் உறைக்கவில்லை.

தெரிந்து கேட்டானா, பழக்கத்தில் கேட்டானா?

அதிகாரியிடம் போய்ச் சொல்லலாம். சொன்னால் பந்தயத்திலிருந்து தூக்கிவிடுவார்கள். அவன் சும்மா கேட்டிருந்தால் அது எவ்வளவு பெரிய அநியாயம்! சொல்லாமல் விட்டால், அவன் கோப்பையோடு வந்து நிற்கும்போது இவள் எந்த முகத்தை வைத்துக்கொண்டு கைதட்டுவாள்? அன்று முழுக்க யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுந்தாள். வேலை செய்கிற பெண் ஒருத்தி, "அக்கா, உங்களுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டதற்கு, "எனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கேன்" என்று கத்தினாள்.

மறுநாள் விடிந்தபோது கரைக்காற்று எழும்பிவிட்டது. கிளிப் பிய்த்துக்கொண்டு போகிற அளவுக்கு விரிப்புகள் படபடத்தன. தம்பி முன்னணியில் வந்துகொண்டிருந்தான். துறைமுகத்துக்கு முன்னால் ஒரு தீவு. அதற்கும் கரைக்கும் நடுவே போனால் சீக்கிரம் வந்துவிடலாம், கரையில் காற்று இருந்தால். இல்லையென்றால் தீவை வெளிப்பக்கமாகச் சுற்ற வேண்டும்.

போன் அடித்தது. அவள் எடுத்தாள். படபடப்புச் சத்தம் கேட்குமே என்று படிக்கட்டுக்குள் இறங்கிக் கதவைச் சாத்திக்கொண்டாள். இதையெல்லாம் செய்த பிறகுதான், என்ன செய்யப் போகிறோம் என்பது அவளுக்கே தெரிந்தது.

"சாப்பிட்டியாக்கா? முழங்கால் எப்படி இருக்கு?"

"இருக்கு."

"என்னக்கா குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்லடா. நீ பத்திரமா வந்து சேரு."

கேட்காதே, கேட்காமல் வைத்துவிடு என்று அவள் மனசு அடித்துக்கொண்டது.

"துணி காஞ்சுதாக்கா?"

"இல்லடா. நேத்து மாதிரியேதான் தொங்குது."

"சரிக்கா, வெச்சிடறேன்."

பொய் சொல்லக் கூடாது என்று அதிகாரி சொல்லவில்லை. அவன் பழக்கத்துக்குக் கேட்டிருந்தால் இந்தப் பொய்யால் ஒன்றும் ஆகாது, துணி காயவில்லை என்று அக்கா புலம்பினாள், அவ்வளவுதான். அப்படியே இருக்க வேண்டும் என்று வேண்டாத தெய்வத்தையெல்லாம் வேண்டிக்கொண்டு சாவிக்கடைக்குப் போனாள். அவர் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

புள்ளி நேராக வந்தது. அடுத்த முறையும் நேராகத்தான் வந்தது. தீவுக்கும் கரைக்கும் நடுவே இருக்கிற வாயைப் பார்த்து வந்தது. 'அட பாவி, உன்னப் போய் சந்தேகப்பட்டேனே' என்று அவளுக்குக் கண் கலங்கியது. அவன் வந்ததும் காலில் விழுந்துகூட மன்னிப்புக் கேட்கலாம் என்று தோன்றியது.

பிறகு புள்ளி வெளிப்பக்கம் வளைந்தது.

"இவனுக்கென்ன கிறுக்கா?" சாவிக்கடைக்காரர் போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனார். "கரையில காத்து பிச்சுக்கிட்டு அடிக்குது, இவன் எங்க போறான்? நேத்து அவ்வளவு கரெக்டா வந்தவன்!"

பின்னால் கிடந்த சிவப்புப் புள்ளி கரையை ஒட்டி ஓடிவந்து நடுவே புகுந்தது. அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். லாண்டரியக்கா எழுந்து, விடுதிக்கு விரிப்பு அனுப்ப வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கடைக்கு வந்தாள். ஒவ்வொரு விரிப்பாக மடித்தாள். அழுகை வரவில்லை, அதுதான் அவளுக்கே ஆச்சரியம்.

அன்று மதியம் தம்பி இரண்டாவதாக வந்தான். அதற்கும் ஊரே திரண்டு கைதட்டியது. எதற்காகத் தீவைச் சுற்றிப் போனீர்கள் என்று பத்திரிகைக்காரர்கள் மைக்கை நீட்டினார்கள்.

"கரையில காத்து இருக்காதுன்னு நெனச்சேன். என் கணக்கு தப்பிடுச்சு" என்றான். அக்கா பக்கம் அவன் திரும்பவில்லை. பிறகு வந்து அவளைக் கட்டிக்கொண்டான். எலும்பும் தோலுமாக இருந்தான். பெற்றவளைப் போல அவளுக்கு வயிறு பற்றி எரிந்தது. இவன் ஜெயிக்க வேண்டும் என்று இவளைவிட ஆசைப்பட்டவள் யார்?

சாயங்காலம் அவள் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது அவன் மேலே வந்தான். காற்று இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. அவன் கிளிப்புகளைக் கழற்றி அவள் கையில் கொடுத்தான், சின்ன வயதில் செய்த மாதிரியே. உலகத்தின் மறுகோடியிலிருந்து கேட்டானே, அதெல்லாம் பாசமா, இல்லை இந்த இரண்டு காலைகளுக்காகப் போட்டு வைத்த ஒத்திகையா என்று அவளுக்குக் கேட்க வேண்டும் போலிருந்தது. கேட்டால் உண்மையைச் சொல்வான். பிடிபட்டால் அவன் எப்போதும் உண்மையைச் சொல்கிறவன்தான்.

ஒரு விரிப்பின் ஓரத்தைத் தடவிப் பார்த்து, "நல்லா காஞ்சிருக்குக்கா" என்றான்.

"காலையிலேயே காஞ்சிடுச்சு" என்றாள் அவள்.

அவன் கை அப்படியே நின்றது. காது மட்டும் சிவந்தது. அவள் விரிப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மறுமுனையை அவனிடம் நீட்டினாள். இருவரும் மடித்தார்கள்.

அடுத்த வருஷம் அவன் மறுபடியும் கடலுக்குப் போனான். தவறாமல் போன் பண்ணுவான். சாப்பிட்டாயா என்று கேட்பான், முழங்காலைப் பற்றிக் கேட்பான். அதற்கு மேல் இருவருக்கும் பேச ஒன்றும் இருக்காது. அவன் வைக்கும்வரை அவள் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு கொடியைப் பார்த்தபடி நிற்பாள்.