நிருஜாவின் படம் ஒட்டிய புத்தகங்கள்

1

வாசகர்களே, இந்தக் கதை ஒரு தொலைபேசி அழைப்பில் பிறந்தது. கற்பனை வறட்சி என்று நீங்கள் சொன்னால் மறுக்கமாட்டேன்.

அழைத்தவர் மீனலோசனி அக்கா. எங்கள் தீவின் மடத்துவெளியில் பிறந்தவர், இப்போது பாரிசில் இருக்கிறார். அவருடைய ஒரே மகள் நிருஜா போன வருடம் நோய்வாய்ப்பட்டு இறந்துபோனாள். பதினான்கு வயது.

"தம்பி, ஓகஸ்ட் லீவுக்கு எங்கட வாசிகசாலைப் பிள்ளையளுக்குப் புத்தகம் வாங்கிக் குடும். அவளின்ர வயசுப் பிள்ளையளுக்கு. நீர் கதை எழுதுறனீர், எது நல்லதெண்டு உமக்குத்தான் தெரியும். அவளின்ர படத்தை மட்டும் முதல் பக்கத்தில ஒட்டிவிடும்."

"ஓம் அக்கா," என்றேன். எங்கள் தீவில் இது புதிதல்ல. இறந்தவர் பெயர் எழுதாத பேருந்துத் தரிப்பிடத்தை இங்கே தேடித்தான் பிடிக்கவேண்டும். கோயில் மண்டபத்து மின்விசிறியின் இறக்கையில்கூட யாராவது ஒருவர் சுற்றிக்கொண்டிருப்பார்.

2

முதல் தொடக்கம்: "சோளகக் காற்று பாலத்தின் நடுவில் அவனுடைய மோட்டார் சைக்கிளை ஒரு பக்கமாக"

[வேண்டாம். தீவுக் கதை என்றால் காற்றில்தான் தொடங்கவேண்டும் என்று சட்டமா என்ன?]

இரண்டாவது தொடக்கம்: "பதின்மூன்று, பதினான்கு வயது என்பது புத்தகக் கடைகள் கைவிட்ட வயது."

[கட்டுரை வாடை அடிக்கிறது. உண்மை என்பதால் விட்டுவைக்கிறேன்.]

யாழ்ப்பாணத்துக் கடையில் ஒரு தட்டில் பேசும் முயல்கள் இருந்தன. பக்கத்துத் தட்டில் பரீட்சை வினாத்தாள்கள். அதற்கு மேலே தலையணை அளவு நாவல்கள். நடுவில் உள்ள பிள்ளைக்கு ஒன்றுமில்லை. நான் நாவல் தட்டிலிருந்து மெலிந்தவையாகப் பார்த்து எடுத்தேன். போர், இடம்பெயர்வு, பசி. தேர்வு செய்தவன் விசயம் தெரிந்தவன் என்று நாலு பேர் சொல்லக்கூடிய புத்தகங்கள்.

வாசிகசாலை மேசையில் அடுக்கியதும், ஒன்பதாம் வகுப்புக் கம்சிகா ஒவ்வொன்றின் கடைசிப் பக்கத்தையும் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"மாமா, ஒருத்தரும் சாகாத புத்தகம் இல்லையோ?"

வெட்கமாகப் போய்விட்டது. திரும்பக் கடைக்குப் போய் மாற்றினேன். பேய்க்கதை, துப்பறியும் கதை, பெண்பிள்ளைகளின் கிரிக்கெட் குழு பற்றிய ஒன்று. ஒருத்திக்கு வகுப்புப் பெடியன்மேல் விருப்பம் வரும் கதையும் ஒன்று. அதைத் தாய்மார் கண்ணில் படாமல் நடுவில் செருகினேன்.*

*இதை அச்சில் வெட்டிவிடலாம். வெட்டமாட்டேன்.

3

வாசிகசாலைப் பொறுப்பாளர் பிரியதர்சினியும் நானும் ஒரு பின்னேரம் முழுக்க இருந்து படங்களை ஒட்டினோம். வழக்கம் போலத்தான்: மேலே நிருஜாவின் சிரித்த முகம், இடப்பக்கம் "மலர்வு", வலப்பக்கம் "உதிர்வு", கீழே திகதிகள். கோணாமல் ஒட்டினோம் என்று பெருமை வேறு. யாரும் சாகாத புத்தகம் கேட்ட பிள்ளைக்கு முதல் பக்கத்திலேயே ஒரு சாவை ஒட்டிக் கொடுக்கிறோம் என்பது எங்கள் இருவர் மண்டையிலும் ஏறவில்லை.

கம்சிகா பேய்க்கதையை எடுத்துப் போனாள். அடுத்த நாள் தாய் சத்தியபாமா அவளையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

"குறை நினையாதையும் தம்பி. அந்தத் தாயை நினைச்சால் எனக்கு வயிறு பத்தி எரியுது. ஆனா இவள் புத்தகத்தைத் தலைமாட்டில வைச்சுப் படுக்கிறவள். செத்த பிள்ளையின்ர படத்தோட ஏலாது."

பேருந்துத் தரிப்பிடத்தை யாரும் படுக்கைக்குக் கொண்டுபோவதில்லை. அந்த வித்தியாசம் அப்போதுதான் உறைத்தது. அந்த வாரத்துக்குள் எல்லாப் புத்தகங்களும் திரும்பி வந்துவிட்டன.

"படத்தைக் கிழிப்பம். அக்கா பாரிசில இருந்து வந்தோ பாக்கப்போறா?" என்றார் பிரியதர்சினி. சொன்னாரே தவிர, அவரும் கைவைக்கவில்லை.

இதற்கிடையில் அக்காவின் குரல்பதிவு வந்தது: "பிள்ளையள் வாசிக்கினமோ? ஆர் எந்தப் புத்தகம் எடுத்தது? ஒரு படம் எடுத்து அனுப்புமன்."

நான் இன்னும் பதில் அனுப்பவில்லை.

4

முடிவுகள்.

(அ) கம்சிகா எழுந்து சொல்கிறாள்: "செத்த திகதியை எடுத்துப்போட்டு, அவவுக்கு என்ன பிடிக்கும் எண்டு எழுதுங்கோ." எல்லோரும் கண் கலங்குகிறார்கள். [கதைகளில் வரும் பிள்ளைகள் மட்டும்தான் இப்படிப் பேசுவார்கள். வெட்டு.]

(ஆ) பிள்ளைகள் வாசிக்கும் பழைய படமொன்றை நான் தேடி எடுத்து, "எல்லாரும் வாசிக்கினம் அக்கா" என்று அனுப்புகிறேன். [இது நடக்கக்கூடியது. அதனால்தான் பயமாக இருக்கிறது.]

(இ) ஓகஸ்ட் விடுமுறைக்கு நிருஜா ஊருக்கு வருகிறாள். வாசிகசாலைக் கதிரையில் காலை மடித்து இருந்துகொண்டு, தாய் கூப்பிடக் கூப்பிட எழும்பாமல், கடைசி அத்தியாயத்தை

[இதை என்னால் எழுதி முடிக்க முடியவில்லை.]

5

வாசகர்களே என்று பொதுவாகக் கூப்பிட்டது ஒரு மறைப்பு. எனக்கு வேண்டிய வாசகி ஒருவர்தான்.

அக்கா, தொலைபேசியில் சொல்ல வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். புத்தகங்கள் வாசிகசாலை அலுமாரியில்தான் இருக்கின்றன. தாய்மாரில் பிழையில்லை, பிழை ஒட்டிய எங்களுடையது. விடுமுறை முடிய இன்னும் நாள் இருக்கிறது. படம் இருக்கட்டும் என்றால் இருக்கும். எடுக்கச் சொன்னால், ஈரத்துணி வைத்துக் கசங்காமல் எடுத்து உங்களுக்கே அனுப்பிவைப்போம். இதற்கு முடிவு எழுத எனக்கு உரிமையில்லை. நீங்கள்தான் சொல்லவேண்டும்.

ஒன்று மட்டும் கேட்கவேண்டும். புத்தகத்தைத் திருப்பித் தந்த அன்று, தாய் முன்னால் நடந்து போன பிறகு, கம்சிகா நின்று அந்தப் படத்தை இன்னொரு முறை பார்த்தாள்.

"இவ பிரான்சில பிறந்தவவெல்லோ, மாமா. தமிழ் வாசிப்பாவோ?"

எனக்குத் தெரியாது. "ஓம்" என்று சொல்லிவிட்டேன்.

"அப்ப இவவுக்கு இந்தப் பேய்க்கதை பிடிச்சிருக்கும்," என்றாள். "நான் பாதி வாசிச்சனான்."

பிடித்திருக்குமா, அக்கா?