தாடைக்கட்டு

பிணத்தைக் குளிப்பாட்டத் தண்ணீர் வந்துவிட்டது. காளியாயி மட்டும் தகரப் பெட்டியைக் கவிழ்த்து ஒரு துணியைத் தேடிக்கொண்டிருந்தாள்.

அப்பா சிவசாமி பதினெட்டு வருசம் தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரில், தூள் சலிக்கும் அறையில் நின்றவர். கடைசி மாதம் முழுக்க அந்தத் துணியில்தான் இருமினார். சளி தேயிலை நிறத்தில் வந்தது. தோட்டத்து டாக்டர் மகாலிங்கத்திடம் அதைக் காட்டி, தூசியால் வந்த சாவு என்று எழுதி வாங்க நினைத்திருந்தாள். எழுத்தில் வந்துவிட்டால் அம்மாவுக்கு நட்டஈடு கிடைக்கும். இரண்டு வருசமாக அதே அறையில் நிற்கும் தன்னையும் கொழுந்து பறிக்க மாற்றித்தான் ஆகவேண்டும்.

"அதைத் தோச்சுட்டேன்டி. நாலு சனம் வர்ற எடத்துல அழுக்குத் துணியா?" என்றாள் அம்மா மீனம்மா.

துணி அப்பாவின் தாடையைச் சுற்றி, உச்சந்தலையில் முடிச்சுடன், வெள்ளையாக இருந்தது. காளியாயிக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் முதலில் வந்தது.

பிணத்தைப் பார்க்க வந்த மகாலிங்கம், சாவுக்குக் காரணம் நெஞ்சு வருத்தம் என்று எழுதினார். "மிசினிலை கை போயிருந்தால் எழுதலாம், பிள்ளை. தூசியெண்டு எழுத என்னட்டை என்ன இருக்கு?"

நாலு பேர் பிணத்தைப் பலகைக்குத் தூக்கினார்கள். அப்போது சிவசாமி இருமினார்.

அவருடைய இருமலேதான். குட்டையாக இரண்டு, நீளமாக ஒன்று. தண்ணீர் ஊற்ற நின்ற பக்கத்து வீட்டு வேலாயி கையிலிருந்த செம்பு நழுவி உருண்டது. உள்ளே தங்கிய காற்று, அசைத்தால் வெளியே வரும் என்றார் மகாலிங்கம். தலையாட்டினார்களே தவிர யாரும் பலகையை நெருங்கவில்லை. காளியாயி குனிந்து தாடைக்கட்டைப் பார்த்தாள். ஒரு கறைகூட இல்லை.

வெயில் சாய்வதற்குள் தப்படித்துப் பாடையைத் தூக்கினார்கள். வரிசை வீடுகளான லயத்தின் முனையில் பெண்கள் நின்றுகொண்டார்கள். பாடை திரும்பும்போது மறுபடியும் கேட்டது. குட்டையாக இரண்டு, நீளமாக ஒன்று.

தப்பு நின்றது. தூக்கியவர்கள் காலை எடுத்து வைக்கவில்லை. "மனுசனுக்குப் போக மனசில்ல" என்றான் முன்னால் தூக்கிய மாயாண்டி. எல்லாக் கண்களும் பாடை மேலேயே இருந்தன. பெண்கள் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை.

காளியாயி முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

பாடை போன பிறகு பெண்கள் மலைத்தண்ணீர் விழும் பீலிக்குப் போனார்கள். தீட்டுக் கழிய எல்லோரும் தலை முழுகி, உடுத்தியிருந்ததை அலசினார்கள். காளியாயியும் முழுகினாள். தேயிலை நிறக் கறை பட்ட முந்தானையை மட்டும் நனையாமல் சுருட்டி, தண்ணீருக்கு வெளியே நீட்டிப் பிடித்திருந்தாள்.