சும்மா நின்ற வயர்

தேஜோன் நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில், சூ பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில் யாரும் சும்மா இருந்ததாகச் சரித்திரம் கிடையாது. அவர் கிளம்பும்வரை மாணவர்கள் கிளம்ப மாட்டார்கள். வேலை தீர்ந்தவன்கூடத் திரையைப் பார்த்து முகத்தைச் சுளித்தபடி உட்கார்ந்திருப்பான். அந்தச் சுளிப்புக்கே முனைவர் பட்டம் கொடுக்கலாம் என்ற அளவுக்குத் தேறியிருந்தவன் நம்குங் ஹியோக்.

அவனுடைய ஆய்வேடு முடிந்து பேராசிரியரின் மேஜையில் கிடந்தது. சுவோனில் ஒரு கம்பெனி மார்ச் மாதம் வேலைக்கு வரச் சொல்லியிருந்தது. குறுக்கே நின்றது ஒரே ஒரு கையெழுத்து. கூடத்தின் மொத்தத் தரவும் இருக்கிற ஸ்டோரேஜ் ஒற்றை வயரில் தொங்குகிறது, அதைச் சரிசெய்துவிட்டு வா, போட்டுத் தருகிறேன் என்றார் பேராசிரியர்.

ஹியோக் இரண்டு வயர்களை இரண்டு தனித்தனி நெட்வொர்க் ஸ்விட்சுகளுக்கு இழுத்து, ஒரே இணைப்பாகக் கட்டினான். ஒன்று வேலை செய்யும். அது செத்தால் மற்றது எழுந்துகொள்ளும். ஜூனியர் தக் போராவைக் கூப்பிட்டு ஒரு வயரைப் பிடுங்கச் சொன்னான். பிடுங்கினாள். ஸ்டோரேஜிலிருந்து ஓடிக்கொண்டிருந்த வீடியோ ஒருமுறை கண் சிமிட்டிவிட்டுத் தன் பாட்டுக்குத் தொடர்ந்தது.

பேராசிரியர் காபிக் கோப்பையோடு பார்வையிட வந்தார். வயர்கள் செருகியிருந்த இடத்தில் ஒரு விளக்கு படபடவென்று மினுமினுத்தது. இன்னொன்று பச்சையாக, அசையாமல் நின்றது.

"இது ஏம்பா தூங்குது?"

"தூங்கல சார், காத்துட்டிருக்கு. அது போச்சுன்னா இது வரும்."

"போகலன்னா?"

"சும்மா நிக்கும் சார்."

பேராசிரியருக்குக் காபி கசந்தது. "என் லேப்ல இதுக்கு மட்டும் என்ன தனிச் சலுகை?"

ஹியோக் இரண்டு ஸ்விட்சுகளையும் சேர்ந்து இயங்க வைத்து, இரண்டு வயர்களையும் ஒரே நேரத்தில் உழைக்கவிட்டான். பேராசிரியர் தன்னுடைய பெரிய கோப்பு ஒன்றை நகலெடுத்துப் பார்த்தார். பழைய வேகம்தான். ஒரு கோப்பு ஒரு வயரில்தான் போகும், பலபேர் எடுத்தால்தான் இரண்டிலும் பிரியும் என்று ஹியோக் விளக்கினான். அதைச் சொல்லியிருக்க வேண்டாம். பேராசிரியர் அக்கம்பக்கத்து ஆய்வுக்கூடங்களையெல்லாம் அதே ஸ்டோரேஜில் குடியேற்றினார். விளக்குகள் இரண்டும் குளிர்ஜுரம் வந்தவை போல் நடுங்கின. பேராசிரியருக்குக் கண் நிறைந்தது.

இரண்டும் முழுமூச்சில் ஓடினால் ஒன்று போகும்போது மற்றது தாங்காது என்று ஹியோக் ஒருதரம் சொல்லிப் பார்த்தான். தன் காலத்தில் ஒரே ஆள் இரண்டு ஆள் வேலை பார்த்ததாகப் பேராசிரியர் சொன்னார். கையெழுத்து இன்னும் வராததால் அதுவும் ஒரு தொழில்நுட்ப விளக்கமாக ஏற்கப்பட்டது.

ஜனவரியில், நிதி நீட்டிப்புக்கான மதிப்பீட்டுக் குழு வந்த அன்றைக்கு, ஒரு ஸ்விட்ச் உயிரை விட்டது. மிச்சமிருந்த வயர் எல்லாப் பாரத்தையும் ஏற்றுக்கொண்டது, அதாவது ஏற்கப் பார்த்தது. பேராசிரியர் கோலால் சுட்டிய படம் திரையில் வரிவரியாக இறங்கியது. குழுத்தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். படத்திலிருந்த ஆளுக்கு நெற்றி மட்டும் வந்திருந்தது, முகம் இன்னும் வரவில்லை.

அவர்கள் போனதும் பேராசிரியர் கேட்டார்: "ஸ்பேர் வயர் எங்கப்பா போச்சு?"

"வேலை பாத்துட்டிருந்துச்சு சார்."

போரா சிரிப்பை அடக்க இருமினாள். பேராசிரியர் ஆய்வேட்டை எடுத்து இழுப்பறைக்குள் வைத்தார். ஆகஸ்டில் பார்க்கலாம் என்றார். மூன்றாவதாக ஒரு வயர் இழுக்க வேண்டும், அதை யாரும் வேலை வாங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளப் பொறுப்பான ஓர் ஆள் வேண்டும் என்றார். வேறு யாரையும் அவர் பார்க்கவில்லை.

ஆகஸ்டில் சேர அனுமதி கேட்டு ஹியோக் கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்பினான். கப் நூடுல்ஸில் வெந்நீர் ஊற்றி மூடினான். அது ஊறுவதற்குள் பதில் வந்துவிட்டது. அவனுடைய இடத்துக்குக் காத்திருப்போர் வரிசையில் ஏற்கெனவே ஒருவரைத் தயாராக வைத்திருந்தார்களாம். அவர் மார்ச்சிலேயே சேர்கிறார். பணிக்கு எந்தத் தடங்கலும் இல்லாததால் அவன் வருந்த வேண்டியதில்லை.

"என்ன அண்ணா, என்ன சொல்லியிருக்காங்க?" என்று போரா எட்டிப் பார்த்தாள்.

ஹியோக் இன்னொரு தடவை படித்தான். பிழை எதுவும் தட்டுப்படவில்லை.

"சரியாத்தான் கட்டி வச்சிருக்காங்க," என்றான்.