செராமித் தீவுத் தேர்தலில் தலையிட்ட நாகஜோதி

வேறொரு நாட்டின் பொதுத்தேர்தலில் அந்நிய சக்தியாகத் தலையிட்டதாக வண்டியூர் நாகஜோதி மீது வழக்குப் பதிவானது. அந்த நாட்டின் பெயர் செராமி. ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கே கடலுக்குள் கிடக்கும் சின்னத் தீவு. வழக்கு வருகிறவரை அதை வரைபடத்தில்கூட அவள் தேடிப் பார்த்ததில்லை.

நாகஜோதி அஞ்சல் வழியில் ஆங்கிலம் எம்.ஏ. முடித்தவள். மாட்டுத்தாவணி பக்கம் ஒரு டைப்பிங் சென்டரில் பதினோரு வருடம் வேலை பார்த்தாள். அதை மூடிவிட்டார்கள். அவள் கணவர் அழகுபாண்டி ஷேர் ஆட்டோ ஓட்டினார். வீட்டிலிருந்தே செய்கிற வேலையாகத் தேடியபோது ஒரு ஆன்லைன் கம்பெனி அவளை எடுத்துக்கொண்டது. தினமும் நாற்பது கமென்ட் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். அதற்கென்று எலிசபெத் ஓரா என்ற பெயரில் ஒரு கணக்கும், தொப்பி போட்ட ஒரு அம்மாவின் படமும் கொடுத்தார்கள். தாடி வைத்த மொரேல் என்பவரைப் புகழ வேண்டும், வழுக்கைத் தலை டெனி என்பவரைத் திட்ட வேண்டும். இருவரும் தேர்தலில் நிற்கிறார்கள் என்று இரண்டாம் நாள்தான் அவளுக்குப் புரிந்தது.

நான்கு நாள் ஒழுங்காக எழுதினாள். ஐந்தாம் நாள் லோசா என்ற பெண் பதில் போட்டிருந்தாள்: “எலிசபெத், மொரேல் இவ்வளவு நல்லவர் என்றால் எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கு ஏன் இன்னும் ரோடு போடவில்லை?”

நாகஜோதி அன்றைய கமென்ட்டுகளை அப்படியே நிறுத்தினாள். தெருவில் சாக்கடை மூடி போடச் சொல்லி எட்டு மாதமாக மாநகராட்சிக்கு மனு எழுதிக்கொண்டிருந்தவள் அவள். அந்தத் தீவின் செய்தித்தாள்களை இணையத்தில் தேடிப் படித்தாள். மூன்று தேர்தலாக மொரேல் அதே ரோட்டைப் போடுவதாகச் சொல்லி வந்திருக்கிறார். அன்று சாயங்காலம் எலிசபெத் ஓரா எழுதினாள்: “நியாயமான கேள்வி. மொரேல் அவர்கள் பதில் சொல்ல வேண்டும். ஒன்று, எந்தத் திட்டத்தில் நிதி ஒதுக்கப்பட்டது? இரண்டு, ஒப்பந்ததாரர் யார்?” இப்படி ஐந்து கேள்வி.

செராமிக்காரர்கள் ஆறாயிரம் பேர் அதைப் பகிர்ந்தார்கள். கம்பெனியில் யாரும் படித்துப் பார்ப்பதில்லை, எண்ணிக்கையை மட்டும்தான் பார்ப்பார்கள். “மிகச் சிறப்பு, இதே பாணியில் தொடரவும்” என்று அவளுக்குப் பாராட்டு வந்தது. தொடர்ந்தாள். லோசாவும் தினமும் பேச வந்தாள். ரோட்டைப் பற்றிய பேச்சு போக, தன் முட்டிவலி, மகளின் கல்யாணம் என்று பேச்சு எங்கெங்கோ போனது.

மொரேல் இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டில் தோற்றார். எலிசபெத் ஓரா என்று நாட்டில் ஒருத்தியும் இல்லை, இது அந்நிய நாட்டின் சதி என்று போலீசில் புகார் கொடுத்தார். செராமி போலீஸ் தடம் பிடித்து டெல்லிக்கு எழுத, டெல்லி மதுரைக்கு எழுத, சைபர் கிரைம் இன்ஸ்பெக்டர் முத்துக்குமரன் நாகஜோதியை ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்.

“ஏம்மா, உனக்குப் பின்னாடி யாரு இருக்கா?”

நாகஜோதி திரும்பிப் பார்த்தாள். “எங்க வீட்டுக்காரர்தான் சார்.”

“அதக் கேக்கல. எந்த நாட்டு உளவுத்துறை உன்னய இயக்குதுன்னு கேக்கேன்.”

“சார், நானே இருவது வருசமா இயக்கிப் பாக்கேன், முடியல” என்றார் அழகுபாண்டி.

“நீங்க செத்த சும்மா இருங்கண்ணே. ஏம்மா, அந்த மொரேல் உனக்கு என்ன செஞ்சாரு? எதுக்கு அந்தாளத் தோக்கடிச்ச?”

“ஐயோ, அவர ஜெயிக்க வைக்கத்தான் சார் என்னய வேலைக்கே எடுத்தாக.”

இன்ஸ்பெக்டர் பேனாவை மேசையில் வைத்தார். “அப்ப அம்புட்டுக் கேள்வி எதுக்குக் கேட்ட?”

“மனசு கேக்கல சார்.”

டைப்பிங் சென்டர் பழக்கத்தில், கம்பெனி அனுப்பிய ஒவ்வொரு உத்தரவையும் அவள் பிரிண்ட் எடுத்து ஃபைல் போட்டிருந்தாள். அதை நீட்டினாள். இன்ஸ்பெக்டர் ஒரு டீ ஆறும்வரை புரட்டினார். ஒன்பதாவது தாளில், கம்பெனிக்காரன் தனக்கு வந்ததைக் கவனமில்லாமல் அப்படியே அவளுக்கு அனுப்பிவிட்ட கடிதம் இருந்தது. வேலையைக் கொடுத்தது மொரேலின் தேர்தல் அலுவலகம். கீழே அவருடைய கையெழுத்தும் இருந்தது.

இன்ஸ்பெக்டர் உடனே டெல்லி அதிகாரிக்கு போன் போட்டார். “சார், களவு போச்சுன்னு புகார் கொடுத்தாரே, அவரு வீட்லதான் சார் சாமான் இருக்கு.”

அந்நியர்களைக் கூலிக்கு அமர்த்தித் தேர்தலில் தலையிட்டதாக மொரேல் மீதும் அவர் செயலாளர் மீதும் செராமியில் குற்றச்சாட்டு பதிவானது. அங்கே நாகஜோதி சாட்சியானாள். இங்கே ஆள்மாறாட்ட வழக்கு மட்டும் அவள் மேல் நின்றது. செய்ததை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினாள்.

செராமி நீதிமன்றம் வீடியோவில் அவளை விசாரித்தது. கல்யாணப் பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு இன்ஸ்பெக்டரின் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். “நீங்கள்தான் எலிசபெத் ஓராவா?” என்று நீதிபதி கேட்டார்.

“இல்லை, ஐயா. பேர் பொய், படம் பொய், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவேன்னு சொன்னதும் பொய். அந்த அஞ்சு கேள்வி மட்டும் நான் கேட்டது” என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

அடுத்த சாட்சி லோசா. பருத்த உடம்பு, நரைத்த முடி. மொரேலை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. திரையையே பார்த்துக் கேட்டாள்: “என் அக்காவிடம்கூடச் சொல்லாததை எல்லாம் இவளிடம் சொன்னேன். நான் யாரிடம் சொன்னேன்?”

நாகஜோதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மொரேலுக்கு ஒன்றரை வருடம் தண்டனை கிடைத்தது. டெனியும் அந்த ரோட்டைப் போடவில்லை. நாகஜோதி தன் சொந்தப் பெயரில் லோசாவுக்கு நான்கு பக்கம் எழுதி மன்னிப்புக் கேட்டாள். ஒரு மாதம் பதில் இல்லை. பிறகு ஒரே வரி வந்தது: “முதலில் உன் முகத்தைச் சரியாகக் காட்டு.”

அழகுபாண்டி தெப்பக்குளத்துப் படியில் அவளை உட்கார வைத்து பதினொரு படம் எடுத்தார். “சிரிடி, ஏதோ கேஸுல மாட்டுனவ மாதிரி இருக்க” என்றார்.

“மாட்டுனவதான?” என்று அவள் முறைத்தபோது அவர் இன்னொன்று எடுத்தார். அந்தப் பன்னிரண்டாவது படத்தையே லோசாவுக்கு அனுப்பினாள்.