திங்களும் வியாழனும் வந்த நுரை

பல்கலைக்கழகத்திலிருந்து தொலைபேசி வந்தபோது அவள் காற்றூட்டும் தொட்டியின் மேல் நடைபாலத்தில் நின்றிருந்தாள். நீண்ட கோலின் முனையில் கட்டிய கோப்பையால் பழுப்புத் தண்ணீரை மொண்டுகொண்டிருந்தாள். நகரத்தின் குளியலறைகளும் கழிப்பறைகளும் கைகழுவிவிடும் அத்தனையும் வந்து சேரும் இடம் அது.

"மேடம், புது மாணவர்களுக்கு வரவேற்பு நாள். பழைய மாணவர் ஒருத்தர் வந்து தன்னோட வேலைப் பயணத்தைப் பத்திப் பேசணும். வர்றதா இருந்த வங்கி அதிகாரி கடைசி நேரத்துல முடியாதுன்னுட்டார்" என்றார் பழைய மாணவர் பிரிவு அலுவலர்.

"அப்போ நான் ஓட்டை அடைக்க வந்த ஆளு."

அவர் சங்கடமாகச் சிரித்தார். "அப்புறம், அழைப்பிதழ்ல உங்களை சுற்றுச்சூழல் ஆலோசகர்னு போட்டுக்கட்டுமா?"

"நான் யாருக்கும் ஆலோசனை சொல்றதில்லை. கழிவுநீர் நிலையத்துல வேதியியலாளர். அப்படியே போடுங்க."

"பசங்க பயந்துடுவாங்களோன்னுதான்..."

"பயப்படட்டும்."

வேலைக்கு வேறு பெயர் வைக்கும் இந்தச் சாமர்த்தியம் அவளுக்குப் புதிதல்ல. வீட்டில் அண்ணன் அதில் தேர்ந்தவன். தங்கை என்ன செய்கிறாள் என்று யாராவது கேட்டால், "தண்ணி சம்பந்தப்பட்ட துறை" என்பான். எந்தத் தண்ணீர் என்ற கேள்வி வருவதற்குள் பேச்சை மாற்றிவிடுவான்.

முதுகலை முடித்து ஒன்றரை வருடம் அவள் சும்மா இருந்தாள். பிறகு முகப்பூச்சு தயாரிக்கும் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர் வேலை கிடைத்தது. அம்மா தெரு முழுக்கச் சொல்லி மகிழ்ந்தாள். பரிசோதிக்காத முப்பது மாதிரிகளுக்குக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். மாட்டேன் என்றாள். ஏழாம் மாதம் வெளியே வந்தாள். பல மாதம் கழித்துக் கழிவுநீர் நிலைய விளம்பரம் கண்ணில் பட்டது. அம்மா இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஆனால் அங்கேதான் அவளுக்கு வேதியியல் உயிரோடு கிடைத்தது. அந்தப் பழுப்புத் தண்ணீரில் ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வைத்தால், மணி வடிவப் பூ போன்ற நுண்ணுயிர்கள் காம்பு சுருங்கி நிமிர்ந்து ஆடிக்கொண்டிருக்கும். ஊரின் அழுக்கைத் தின்று தண்ணீரைத் தெளிய வைப்பவை அவைதாம். ஆறு வருடமாகத் தினமும் காலையில் முதல் வேலையாக அவற்றைப் பார்த்துவிட்டுத்தான் தேநீர் குடிப்பாள்.

நான்கு மாதங்களுக்கு முன் ஒரு நாள் தொட்டி முழுக்க வெள்ளை நுரை பொங்கியது. நுண்ணோக்கியில் ஒன்றும் அசையவில்லை. மூன்று நாளில் நிலைமை சற்றுத் தேறியதும் மறுபடி நுரை. கணக்கு வைத்துப் பார்த்ததில் அது திங்களும் வியாழனும் மட்டுமே வந்தது.

அவள் மாதிரிப் புட்டிகளை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வேன் ஓட்டுநர் கூட வந்தார். சத்தமாகப் பேசுவதால் நிலையத்தில் அவருக்கு ஒலிபெருக்கி என்று பெயர். அவர் மேன்ஹோல் மூடியைக் கடப்பாரையால் நெம்பித் திறப்பார், அவள் கயிற்றில் புட்டியை இறக்குவாள். கெட்ட தண்ணீர் எந்தக் கிளைக்குழாயில் வருகிறதோ அந்தத் தெருவில் மேலே ஏறினார்கள். மூன்று வாரத்தில் ஒரு நீண்ட மதிலுக்குப் பின்னால் போய் நின்றார்கள். புட்டியிலிருந்து கரைப்பான் நெடி மூக்கை அரித்தது.

ஒலிபெருக்கி மதிலை அண்ணாந்து பார்த்தார். "ஏம்மா, இது நீ படிச்ச இடம்தானே? பட்டமும் குடுத்து விஷமும் குடுக்கிறாங்களே."

திங்களும் வியாழனும் வேதியியல் செய்முறை வகுப்பு நாட்கள். அவள் காலத்திலும் அப்படித்தான். நான்கு மாதங்களுக்கு முன் ஆய்வகத்தை மூன்று மடங்கு பெரிதாக்கியிருந்தார்கள்.

அறிக்கையை வாசித்த நிலைய மேலாளர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "பெரிய இடம்மா. காரணம் தெரியலைன்னு எழுதிடு."

"தெரியுது சார்."

அவர் அறிக்கையை மேசை இழுப்பறையில் போட்டு மூடினார். அதன் பிறகுதான் பல்கலைக்கழகத்தின் அழைப்பு வந்தது.

வரவேற்பு நாளன்று அரங்கில் அறுநூறு பேர் இருந்தார்கள். அலுவலர் தட்டச்சு செய்த நான்கு பக்கப் பேச்சை நீட்டினார். "நீங்களே வச்சுக்கங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு மேடையேறினாள். முன்வரிசையில் துறைத்தலைவர் உட்கார்ந்திருந்தார். அவளுக்குப் பாடம் எடுத்தவர்.

முப்பது கையெழுத்துகளின் கதையைச் சொன்னாள். "வேலையை விட்டா என்ன ஆகுமோன்னு பயமா இருந்துச்சு. ஒண்ணும் ஆகலைன்னு சொல்ல மாட்டேன். ரொம்ப நாள் கஷ்டப்பட்டேன். ஆனா உங்க பேரை ஒரு பொய்க்குக் கீழ போட்டுட்டா, அப்புறம் அந்தப் பேரை வச்சுக்கிட்டு என்ன பண்ணுவீங்க?"

பின்வரிசையிலிருந்து ஒரு பெண் கேட்டாள். "அங்க நாறாதாக்கா?"

அரங்கம் சிரித்தது. அவளும் சிரித்தாள். "நாறும். முதல் வாரம் சோறு இறங்கலை. இப்போ என் மூக்குதான் எனக்குப் பாதி கருவி. அந்த மூக்குதான் என்னை இந்தக் கட்டடத்துக்குப் பின்னாடி கூட்டிட்டு வந்துச்சு."

நுரையைப் பற்றியும் புட்டிகளைப் பற்றியும் சொல்லத் தொடங்கியதும் துறைத்தலைவர் எழுந்தார். "இது இந்த நிகழ்ச்சிக்குப் பொருத்தமான விஷயமில்லை."

"பயணத்தைப் பத்திப் பேசச் சொன்னீங்க சார். பயணம் உங்க லேபுக்குப் பின்னாடி வந்து நிக்குது. நான் என்ன பண்ண?"

துறைத்தலைவர் மெல்ல உட்கார்ந்தார். அவள் குரல் தாழ்ந்தது. "நானும் ஊத்தினவதான். ரெண்டு வருஷம், வாரம் ரெண்டு தடவை, மிஞ்சின ரசாயனத்தையெல்லாம் லேப் தொட்டியில கொட்டிக் குழாயைத் திறந்து விட்டேன். எங்க போகுதுன்னு கேக்கவே இல்லை. எனக்கு நல்ல மார்க் வந்துச்சு."

"அப்போ நாங்க எங்க ஊத்துறது?" என்றான் ஒரு மாணவன்.

"கழிவு டிரம் எங்கேன்னு கேளுங்க. இல்லைன்னு சொன்னா ஊத்தாதீங்க. கையிலேயே வச்சுக்கிட்டு நில்லுங்க. புதுசா வந்த உங்களுக்கு நான் சொல்றது அவ்வளவுதான்."

அடுத்த திங்கள் நடந்ததை அவள் பிறகுதான் கேள்விப்பட்டாள். மணி அடித்தும் இருபத்துமூன்று மாணவர்கள் கையில் பீக்கரோடு ஆய்வகத்தில் நின்றிருக்கிறார்கள். திட்டியும் மிரட்டியும் பார்த்தார்கள். யாரும் நகரவில்லை. வியாழனும் அதே கதை. பத்து நாளில் மூடி போட்ட நான்கு டிரம்கள் வந்து இறங்கின.

பேச்சைக் கைபேசியில் எடுத்த யாரோ பரப்பிவிட, அது அண்ணனின் அலுவலகம் வரை போனது. "எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு" என்றான், செருப்பைக்கூடக் கழற்றாமல்.

"நல்லதுதானே. உன் வாய்க்கும் ஓய்வு."

அவன் முறைத்தான். அம்மா அந்தக் காணொளியை மூன்று தடவை பார்த்துவிட்டு, "மைக்கைக் கொஞ்சம் கிட்ட வச்சுப் பேசியிருக்கலாம்" என்றாள்.

அனுமதியின்றிப் பொது மேடையில் பேசியதற்கு விளக்கம் கேட்டு மேலாளரிடமிருந்து குறிப்பாணை வந்தது. அவள் இரண்டு வரியில் பதில் எழுதினாள். நுரைக்குத் தான் கண்டறிந்த காரணம் மூன்று மாதமாக அவருடைய இழுப்பறையில் இருக்கிறது. நகல் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது, மேலதிகாரிகளுக்கும் அனுப்பப்பட்டுள்ளது.

அவளைச் சேறு காயவைக்கும் களத்துக்கு மாற்றினார்கள். நிழல் இல்லாத, நுண்ணோக்கி இல்லாத இடம்.

"மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் குடுத்துடும்மா. நாளைக்கே பழைய இடத்துக்கு வந்துடலாம்" என்றார் மேலாளர்.

"அங்க வெயில் அதிகம்னாங்க சார். தொப்பி எந்த அலமாரியில இருக்கு?"

அவர் மேசைமேல் இருந்த கோப்பைப் புரட்டத் தொடங்கினார். அவளே தேடி எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, ரப்பர் பூட்ஸை மாட்டிக் களத்தை நோக்கி நடந்தாள்.